மண்ணச்சநல்லூரில் பிடுங்கிய பற்கள்

பாப்பா,

இருபத்தைந்து வயதானவளை, அதுவும் கத்தி பிடிக்கிற டாக்டரை, இன்னும் பாப்பா என்று எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லை. உன்னைத் திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்து நாலு நாளாகிறது. சொல்ல வேண்டியதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சொல்லிவிடலாம் என்றுதான் அன்று வந்தேன். உன் அம்மா ஊறுகாய் ஜாடி சாயாமல் வைத்தாயா, பம்பாயில் குளிருமா என்று ரயில் நகரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அவள்மேல் பழி போடுவது எனக்குச் சுலபம். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இரண்டு மூன்று இடங்களிலும் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் "பர்ஸ் பத்திரம்" என்று சொன்னேன். அதற்கு நீ "சரிப்பா" என்றாய். அத்தோடு ரயில் போய்விட்டது.

உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் என் கட்டுரை இருக்கிறது. நீ பம்பாய் மேல்படிப்புக்கான விண்ணப்பத்தில் என்ன எழுதினாய் என்பதை எனக்குப் படித்துக் காட்டினாய், ஞாபகமிருக்கும். வாய்ப் புற்றைப் பற்றி உன் தகப்பன் கண்டுபிடித்ததை மேற்கொண்டு வளர்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். உன்னைத் தேர்ந்தெடுத்த பேராசிரியரும் "அவருடைய மகளா?" என்று கேட்டுத்தான் இடம் கொடுத்தார். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கட்டுரை தப்பு. தெரியாமல் நேர்ந்த தப்பாக இருந்திருந்தால் ரயிலடியில் என்ன, உன் அம்மா முன்னாலேயே சொல்லியிருப்பேன். அது தெரிந்தே செய்தது.

நீ கேட்டு வளர்ந்த கதை வேறு. ஜீயபுரத்து வாழைத் தோட்டக்காரன் மகன் சென்னையில் படித்து, கழுத்திலும் தாடையிலும் வரும் புற்றை வெட்டி எடுக்கக் கற்று, திருச்சிக்கே திரும்பி வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தான் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் பஸ்ஸில் பாலம் தாண்டித் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனால் மாலையில்தான் வருவேன். அந்தக் காலத்தில் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, சென்னைக்குத்தான் போக வேண்டும். போக முடியாதவர்களுக்கு என் கத்திதான். பாதித் தாடையை எடுப்பேன், கழுத்துக் கட்டிகளைத் தோண்டி எடுப்பேன், ஆறேழு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பேன். என் கை நல்ல கை. அதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். கை நன்றாக இருந்ததால்தான் மற்றதை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு வைத்திருந்தேன். பெயர், ஊர், தொழில், பழக்கம் எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கும். புகையிலைதான் காரணம் என்று எனக்கு முந்தியே பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னதையே நானும் சொன்னால் என்னை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்? அப்போதுதான் என் கண்ணில் ஒன்று பட்டது. மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து அரிசி மில்களில் வேலை செய்யும் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கன்னத்துக்குள்ளே புண். கார்டில் பழக்கம் என்ற இடத்தில் பார்த்தால் வெற்றிலை உண்டு, புகையிலை இல்லை. ஒருத்திக்கு இல்லை என்றால் விட்டுவிடலாம், எல்லோருக்கும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் உடைந்த பல் ஒன்று கன்னத்தில் குத்திக்கொண்டிருக்கும். உடனே எனக்குள்ளே மணி அடித்துவிட்டது. கூரான பல் ஓயாமல் உரச, உரசிய இடத்தில் நெல் உமித் தூசு படியப் படிய, புகையிலையே இல்லாமல் புற்று வருகிறது என்று முடிவு கட்டினேன். புதிய முடிவு, என் முடிவு, திருச்சி ஜில்லாவின் முடிவு!

அந்தக் கார்டுகளை நான் எப்படி நிரப்பினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், பின்னால் புருஷன் நிற்பான். நான் கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்பேன், பதிலை அவன் சொல்வான். "அதெல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பழக்கமில்லைங்க. வெத்தலை போடும், அவ்வளவுதான்." அவள் தலையைக் குனிந்துகொள்வாள். நான் எழுதிக்கொள்வேன். நம் ஊரில் புகையிலையை ஆண்பிள்ளை ஊரறியப் போடலாம். பெண்டாட்டி போட்டால் அவனுக்குக் கேவலம், அவள் பிறந்த வீட்டுக்கும் கேவலம். ஜீயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் ஊர்க்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

பெண்கள் வார்டில் மரியம்பீ என்று ஒரு ஆயா இருந்தாள். பாலக்கரைக்காரி. உன் சின்ன வயதில் உனக்கு மருதாணி வைத்துவிட்டவள். சென்னை மாநாட்டில் கட்டுரை படிக்க நான் கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் என் அறைக்கு வந்து ஒரு பவுடர் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். திறந்தால் புகையிலை. நாலைந்து விதமான துண்டுகள், துணியில் முடிந்தது, காகிதத்தில் மடித்தது.

"என்ன இது?" என்றேன்.

"தலகாணி உறை மாத்துறப்போ எடுத்ததுங்க டாக்டரய்யா. எல்லாம் நீங்க பழக்கமில்லேன்னு எழுதி வெச்ச பொம்பளைங்க தலகாணிதான்."

"எழுதினது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டேதானே எழுதுறீங்க. புருஷன்காரனை வெச்சுக்கிட்டு போடுவியான்னு கேட்டா அல்லா மேல ஆணையா எவளும் ஆமான்னு சொல்ல மாட்டா. அவனை வெளியே அனுப்பிட்டு, போயிலையை எந்தப் பக்கம் அடக்குவேன்னு கேளுங்க. கை தானா அந்தக் கன்னத்துக்குப் போகும்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் படித்தேன், சீமைக்கும் போய் வந்தேன். ஒரு நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று இதைவிடச் சரியாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வார்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, நோயாளிகளிடம் திருடுகிறாயா என்று கத்தினேன். டப்பாவைக் குப்பையில் கொட்டச் சொன்னேன். அந்த வாரமே அவளைத் தொற்றுநோய் வார்டுக்கு மாற்றும்படி மேலே எழுதினேன். மாற்றினார்கள். போகும்போது அவள் எனக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதை வேடிக்கைபோல உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே, "ஏங்க, எங்க அக்கா பரண்ல ஒளிச்சு வெச்சுதான் போடுது. மாமாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. ஆயா சொல்றது சரியாத்தாங்க இருக்கும்" என்றாள். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். அன்றோடு அவள் என் தொழிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நீயும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டாய். உனக்குப் பத்து வயது. என்னிடம் இரண்டு பேர் உண்மையைச் சொன்னார்கள், இரண்டு பேரும் பெண்கள், இரண்டு பேர் வாயையும் அடைத்தேன். நானாவது அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு காலை வேளை வார்டுக்குப் போய் ஐந்து பேரிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயத்தில்தான் போகவில்லை.

மாநாட்டில் கை தட்டினார்கள். கட்டுரை அச்சானது. பேப்பரில் என் படத்தோடு வந்த செய்தியை நீ ஸ்கூலில் எழுந்து நின்று வாசித்தாயாம், உன் டீச்சர் சொன்னார். அதன்பின் சீமையில் ஒரு வருஷம், பதவி உயர்வு, கார். மில் முதலாளிகளுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. நல்ல காரியமாச்சே, செலவும் குறைவு! மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணச்சநல்லூரில் ஏதாவது ஒரு மில் களத்தில் மேஜை போடுவார்கள். பெண்கள் வரிசையாக வருவார்கள். உடைந்த பல், கூரான பல், ஆடுகிற பல் எல்லாவற்றையும் பிடுங்கினேன். சந்தேகமாக இருந்தால் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கினேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வரிசையில் வந்தவள் தனபாக்கியம். நெல் அவிக்கும் இடத்தில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. இடது கன்னத்துக்குள் வெள்ளையாகச் சின்னத் திட்டு. புற்று இல்லை, ஆனால் அதற்கு முந்தின படி. அந்த நிலையில் பழக்கத்தை விட்டால் பலபேருக்குத் திட்டு தானாகவே மறைந்துவிடும் என்று நீயும் படித்திருப்பாய். நான் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் எழுந்து போகவில்லை. புருஷன் பக்கத்தில்தான் நின்றான். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே, "வேற எதையாச்சும் விடணுங்களா, ஐயா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கை இடது கன்னத்துக்குப் போயிற்று.

பாப்பா, நான் அந்தக் கையைப் பார்த்தேன். மரியம்பீ சொன்னது அந்த நிமிஷமே என் காதில் கேட்டது. புருஷன்காரனை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மேஜைக்குப் பின்னால் மில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர். புகையிலையை விடு என்று என் வாயால் சொன்னால் இத்தனை பல்லையும் எதற்குப் பிடுங்கினாய் என்று அவர்கள் கேட்க மாட்டார்களா? "ஒண்ணும் விட வேண்டாம். நல்லா சாப்பிடு" என்றேன். அவள் முகத்தில் எத்தனை நிம்மதி! இருக்காதா? பெரிய டாக்டரே சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து வார்டில் பார்த்தேன். கன்னத்தில் வெளியே வரைக்கும் ஓட்டை. பாதித் தாடையை எடுத்தேன், கழுத்தைச் சுத்தம் செய்தேன், நெற்றித் தோலைத் திருப்பிக் கன்னத்தை மூடினேன். அந்த ஆபரேஷனைப் பார்க்கச் சென்னையிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து நாளில் மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. எச்சில் வடிந்துகொண்டே இருக்கும், அவள் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கட்டு மாற்றும்போது அறையில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, எந்தப் பக்கம் அடக்குவாய் என்று அவளிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். நாக்கு புரளாததால் எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் விளங்கியது.

"அன்னிக்கே கேட்டேங்களே... விடணுமான்னு. விடுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள். நாலு மாதத்தில் கழுத்தின் மறு பக்கத்திலும் கட்டி வந்து செத்துப்போனாள். அவள் கார்டில் பழக்கம் என்ற இடத்தை நான் திருத்தவில்லை. இன்றுவரை இல்லை என்றுதான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் படிப்பு முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். என் பென்ஷன் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருவழியாகத் துணிந்து கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு எழுதினேன். வெகு மரியாதையாகப் பதில் வந்தது. காலம் கடந்துவிட்டதாம், திருத்தம் வெளியிடுவது என் பெயருக்கும் அழகல்லவாம். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. திருத்தியாயிற்று, அவர்கள் ஏற்கவில்லை, நான் என்ன செய்வது என்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

பாலக்கரைக்கும் போனேன். மரியம்பீ வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க டாக்டரய்யா, பாப்பா சௌக்கியமா?" என்று கேட்டாள். பக்கத்துக் கடையில் டீ சொன்னாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன தை மாதம் மண்ணச்சநல்லூருக்கும் போய் வந்தேன். நீ பம்பாய்க்கு விண்ணப்பம் எழுதி எனக்குப் படித்துக் காட்டிய மறு வாரம். அதைக் கேட்ட பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. நெல் காயும் களத்தில் நின்று, புகையிலையை விட்டுவிடுங்கள், அதுதான் கெடுதல் என்று சொன்னேன். பெண்கள் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஸ்திரிதான் பேசினான். "ஐயா, பல்லுதான் காரணம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பவும் உங்க பேரைச் சொல்லித்தான் ஞாயித்துக்கிழமை டாக்டருங்க வந்து பிடுங்கிட்டுப் போறாங்க. இப்ப வந்து போயிலைன்னா எப்படிங்க?" வரிசையில் கடைசியாக இருந்த ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், கன்னம் ஒட்டிப் போனவள், மெதுவாகச் சொன்னாள்: "பல்லு போனதுக்கப்புறம் சோத்தை மெல்ல முடியலைங்க. பசிக்கு இதைத்தான் அடக்கிக்கிட்டுக் கெடக்குறோம்."

அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் திட்டு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அவள் வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் தொழிலில் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அது என்னுடையது அல்ல, மரியம்பீயுடையது. ஒரு பெண் உன் முன்னால் வந்து உட்கார்ந்தால் கூட வந்தவனை வெளியே அனுப்பு. பம்பாயில் பாஷை வேறு, புருஷன் ஒன்றுதான். பழக்கம் உண்டா என்று கேட்காதே, எந்தப் பக்கம் என்று கேள். கேட்டுவிட்டு அவள் கையைப் பார். வார்டு ஆயா உன் அறைக்கு வந்தால் எழுந்து நாற்காலி போடு.

அடுத்தது உன் பேராசிரியர். என் கட்டுரையை மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவர் அவர். உன் தகப்பன் எழுதியது பொய் என்று அவரிடம் போய்ச் சொன்னால் அவருக்கும் தலைகுனிவுதான். முகம் கொடுத்துப் பேசமாட்டார். இடத்தைப் பறித்தாலும் பறிப்பார். நீ ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய இடம். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று உனக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியது, அதனால் சொல்கிறேன். முதலில் பத்து நாள் பொறுக்கலாம் என்றுதான் தோன்றும். சொல்லு என்று உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாயில்லை, சொல்லாதே என்று தடுக்கவும் கூடாது. இதை உனக்கு எழுதாமலே செத்திருந்தால் நீ என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படித்து முடித்திருப்பாய். அதைக்கூட நான் உனக்கு விட்டுவைக்கவில்லை.

என்னை நானே கேட்டுக்கொண்டபோதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லியே நான் இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ இதுவரை படித்துவிட்டாய் அம்மா. இனி அப்படிச் சொல்ல உன்னால் முடியாது.

அப்பா